ஆய்வாளர் வரும்வரை காத்திருக்கவும்

ஏப்ரல் 17, புதன்

தோசை மாவு புளித்துப் பொங்கி ஃபிரிட்ஜ் முழுக்க வழிந்து கிடந்தது. துடைத்துவிட்டு ஆபீஸுக்கு ஓடினால், இயக்குநர் வேதமூர்த்தி சார் கூட்டம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மனிதர் எங்கள் கடல் ஆய்வு மையத்துக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. இன்னும் கடலில் கால் நனைக்கவில்லை. உப்புத் தண்ணீர் பட்டால் ஷூ வீணாகிவிடுமாம்.

என் முறை வந்தது. நான் ஆறு வருடமாகக் கடல் பசுவை ஆராய்கிறேன். தண்ணீருக்கடியில் புல் மேய்கிற பெரிய பிராணி. மூச்சு விட மட்டும் மேலே வரும். எங்கள் பக்கத்துக் கடலில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது. இதுவரை உயிரோடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அது மேய்ந்துவிட்டுப் போன தடத்தைத்தான் கடற்புல்லுக்குள் முழுகி முழுகி அளந்துகொண்டிருக்கிறேன். புருஷன் முகத்தையே பார்க்காமல் அவன் சாப்பிட்ட எச்சில் இலையை வைத்துக் குடும்பம் நடத்துகிற மாதிரி ஒரு பிழைப்பு.

என் ஆய்வுத் திட்டம் ஜூன் முப்பதோடு முடிகிறது. உயிருள்ள கடல் பசுவின் போட்டோ ஒன்றே ஒன்று கொண்டுவந்தால் இன்னும் மூன்று வருடம் நீட்டித்து வாங்கித் தருவதாகவும், இல்லாவிட்டால் மேலிடத்தில் தன்னால் வாய் திறக்க முடியாது என்றும் சார் சொன்னார். அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று என்னை விழிப்புணர்வுப் பொறுப்பாளராகவும் போட்டுவிட்டார். ஜூன் எட்டு உலகக் கடல் தினம். மாவட்டமே திரும்பிப் பார்க்க வேண்டுமாம்.

ஆறு வருடமாக நானே திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன், ஒன்றும் வந்தபாடில்லை. இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டு, வெளியில் சரி சார் என்றேன்.

மே 3, வெள்ளி

நாள் முழுக்க சுவரொட்டி வேலை. சாருக்கு எதுகை வேண்டும், மோனை வேண்டும். 'கடல் பசு காப்போம், கடமையைச் சேர்ப்போம்' என்று அவரே எழுதிக் கொடுத்தார். கடமையை எதோடு சேர்ப்பது என்று கேட்டேன். அதெல்லாம் ஒரு ஓசைக்கு என்றார். மேலே வட்டத்துக்குள் அவர் படம், கும்பிட்ட கையோடு. கீழே கடல் பசு, அவருடைய காது அளவுக்கு.

மீனவர்களுக்கான வாசகத்தை மட்டும் பெரிய மனசு பண்ணி என்னிடம் விட்டார். நான் எழுதியது இது: 'உங்கள் வலையில் கடல் பசு சிக்கினால் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம். உடனே கீழ்க்கண்ட எண்ணுக்கு அழைக்கவும். எங்கள் ஆய்வாளர் வரும்வரை காத்திருக்கவும்.' எண் என்னுடையது. நீளம் அளக்க வேண்டும், வால் அகலம் பார்க்க வேண்டும், தோலில் மாதிரி எடுக்க வேண்டும். அறிவியல் தேவை என்று ஒன்று இருக்கிறது அல்லவா.

ஆபீஸ் உதவியாளர் தனபாக்கியம் அக்கா அதைப் படித்துவிட்டு, "நீங்க போற வரைக்கும் அது என்ன பண்ணும் மேடம்?" என்று கேட்டார். மூச்சு விட மேலே வந்துகொண்டிருக்கும், ஒன்றும் ஆகாது அக்கா என்று சொன்னேன். இந்தக் களேபரத்தில் கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன்.

மே 9, வியாழன்

சுவரொட்டி அச்சாகி வந்துவிட்டது. அதில் இருப்பது கடல் பசு இல்லை.

ஏதோ வெளிநாட்டு ஆற்றில் இருக்கும் அதன் ஒன்றுவிட்ட சொந்தம். வால் தோசைக்கல் மாதிரி வட்டமாக இருக்கிறது. நம்முடையதற்கு வால் இரண்டாகப் பிரிந்திருக்கும். அச்சகத்தில் யாரோ இணையத்தில் தேடி, உள்ளதிலேயே சிரித்த முகமாக ஒன்றை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கையும் காலும் ஓடாமல் சாரிடம் போய் நின்றேன். "வால யாரு மேடம் பாக்கப் போறா?" என்றார். என் முனைவர் பட்டம் பாதி அந்த வாலில்தான் இருக்கிறது.

போதாததற்கு மழையில் நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் பூச்சு. 'கடலில் பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்' என்ற வரி அந்தப் பூச்சுக்கு அடியில் பளபளவென்று இருக்கிறது.

மே 14, செவ்வாய்

சவுக்குப்பட்டினத்தில் மீனவர்களுக்கு விழிப்புணர்வுக் கூட்டம். டீயும் மிக்சரும் உண்டு என்று மைக்கில் சொன்ன பிறகு கூட்டம் சேர்ந்தது. கடல் பசு என்று நான் ஆரம்பித்ததும், "நம்ம ஆவுளியாவத்தான் சொல்றாங்க" என்று முன்வரிசையில் ஒருவர் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார். பெயர் முடியப்பன். சொந்தமாக ஃபைபர் படகும் திருக்கை வலையும் வைத்திருக்கிறார். கூட்டத்துக்கென்று சலவை மடிப்பு கலையாத சட்டை போட்டு வந்திருந்தார்.

யார் வலையிலாவது ஆவுளியா சிக்கியிருக்கிறதா என்று கேட்டேன். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஆகாயத்தைப் பார்த்தார்கள். வனத்துறை வழக்குப் போடும் என்ற பயம். போன் செய்தால் வழக்கு வராது, மாறாகப் பாராட்டுதான் வரும் என்று விளக்கினேன். முடியப்பன் எழுந்து, பாராட்டு என்றால் சால்வை உண்டா, பேப்பரில் படம் வருமா என்று விவரமாக விசாரித்தார். வரும் என்று வாக்குக் கொடுத்தேன். சுவரொட்டி ஒன்றை வாங்கிப் போய்த் தன் படகின் ஐஸ் பெட்டியில் ஒட்டிக்கொண்டார். நான்கு மூலையையும் தடவித் தடவி ஒட்டினார்.

நல்ல கூட்டம். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

மே 24, வெள்ளி

கடல் பசு வேஷ உடை வந்து இறங்கியிருக்கிறது. கும்பகோணத்தில் ஒருவர் தைத்தார். கட்சிக்காரர்களுக்கு யானை, சிங்கம் எல்லாம் தைத்துப் பழகிய கை. துதிக்கை இல்லாத யானை என்று நினைத்துக்கொண்டு தைத்திருக்கிறார் போலிருக்கிறது. உள்ளே முழுக்க ஸ்பாஞ்சு. பார்க்க இரண்டு ஓட்டை, மூச்சுக்கு ஒன்று.

இதற்குள் போவதாகச் சொன்ன கல்லூரி மாணவர் உடையை ஒருதரம் மாட்டிப் பார்த்துவிட்டு, பரீட்சை இருக்கிறது என்று போனவர் போனவர்தான். என் உயரத்துக்குச் சரியாக இருக்கும் என்று சார் கண்டுபிடித்தார். "நீங்க கடல் பசு நிபுணர். அசைவெல்லாம் உங்களுக்குத்தான் மேடம் கரெக்டா வரும்." நான் பார்த்தே இராத பிராணியின் அசைவு எனக்கு எப்படி வரும் என்று கேட்க வாய் வரை வந்தது. போட்டோவுக்கும் நீட்டிப்புக்கும் இவரிடம்தான் நிற்க வேண்டும் என்பதால் விழுங்கிவிட்டேன்.

ஜூன் 2, ஞாயிறு

தண்ணீர் லாரி வரவில்லை. துவைக்கவில்லை. நடன ஒத்திகை.

ஜூன் 8, சனி

இன்று எழுத முடியாது. குளித்தேன். மறுபடியும் குளித்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

காலையில் விழா. போன தடவை ஒரு விழாவில் சிறப்பு விருந்தினர் பேசும்போது யாருடைய போனோ பாட்டுப் பாடியதாம். அதனால் எல்லோருடைய போனையும் சத்தத்தை அணைத்து, தனபாக்கியம் அக்காவின் மஞ்சள் பையில் போடச் சொல்லிவிட்டார் சார். எப்படியும் கடல் பசுவுக்குப் பாக்கெட் கிடையாது. போட்டேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடியோடு நின்றார்கள். நான் மேடைக்கு வந்ததும் ஒரு வாண்டு, "டீச்சர், பன்னி!" என்று கத்தினான். டீச்சர் அவன் தலையில் தட்டி, "எலிடா" என்றார். பாட்டுக்கு ஆடினேன். ஸ்பாஞ்சு வியர்வையைக் குடித்துக் குடித்துக் கனத்தது. சிறப்பு விருந்தினர் ஒரு நகைக்கடை முதலாளி. கடல் நம்மைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, நாம்தான் காது கொடுப்பதில்லை என்று உருக்கமாகப் பேசினார். அவர் பேச்சு முடிகிறவரை நான் பக்கத்தில் நின்று துடுப்பை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆட்டினேன். அதன் பிறகு விருந்து. கடல் தினத்துக்குச் சுறாப்புட்டு. சாருக்குப் பிடித்த அயிட்டம். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜிப் மாட்டிக்கொண்டது. தனபாக்கியம் அக்கா இழுத்து இழுத்து என்னை வெளியில் எடுத்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. போனை எடுத்துப் பார்த்தேன். திரை முழுக்க ஒரே எண். காலையிலிருந்து.

கூப்பிட்டேன். முடியப்பன்தான்.  "வாங்க மேடம், வந்து பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆபீஸ் ஜீப்பில் ஏறி, அங்கிருந்து படகு பிடித்துப் போனேன். வலையைப் படகோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அதற்குள் அது இருந்தது. விடியற்காலையில் வலையை இழுக்கப் போனபோது உயிரோடு சிக்கியிருந்திருக்கிறது. வாலில்தான் வலை சுற்றியிருந்ததாம். மூச்சுக்கு மேலே வந்து வந்து போயிருக்கிறது. இவர்கள் எனக்குப் போன் செய்துகொண்டே நின்றிருக்கிறார்கள். திமிறத் திமிற வலை இறுகி, ஒரு கட்டத்தில் அதனால் மேலே வர முடியவில்லை. இரண்டு பேராகத் தூக்கிப் பிடிக்கப் பார்த்திருக்கிறார்கள். கனம். முடியவில்லை.

பெட்டை. முகத்தில் குச்சி குச்சியாக முடி. வால் இரண்டாகப் பிரிந்துதான் இருந்தது. வாயோரத்தில் மென்றது பாதி, மெல்லாதது பாதியாகக் கடற்புல். நான் டேப்பை எடுத்து அளந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.  ஆறு வருடம் இதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன்.

முடியப்பன் படகு முனையில் உட்கார்ந்திருந்தார். அதே சலவைச் சட்டை. படம் எடுப்பார்கள் என்று காலையில் போன் செய்த கையோடு கரையிலிருந்து தம்பியிடம் சொல்லி எடுத்துவரச் செய்து போட்டிருக்கிறார்.

"போன வருசமும் ஒண்ணு சிக்குச்சு மேடம். வலைய அறுத்து விட்டுட்டு வந்துட்டோம். பொண்டாட்டிகிட்டகூட வாயத் தொறக்கல. இந்த வருசம் நீங்க வந்து சொன்னீங்களேன்னு நின்னோம்."

 அவர் ஐஸ் பெட்டியைக் காட்டி, அந்த வாசகத்தை யார் எழுதியது என்று கேட்டார். ஆபீஸில் எழுதினார்கள் என்றேன்.

ஜூன் 11, செவ்வாய்

பேப்பரில் வந்துவிட்டது. 'மீனவர்களிடையே பெருகும் விழிப்புணர்வு: கடல் பசு சிக்கியதும் ஆய்வு மையத்துக்கு உடனடித் தகவல்.' படத்தில் வேதமூர்த்தி சார், முடியப்பன், சால்வை. இறந்துபோனது என்பது கடைசிப் பத்தியில் கடைசி வரி. செய்தியை எழுதி அனுப்பியது எங்கள் அலுவலகம்.

சாருக்குத் தரையில் கால் பாவவில்லை. இறந்த கடல் பசுவைப் பாடம் செய்து வரவேற்பறையில் கண்ணாடிக்குள் வைக்க ஆள் சொல்லிவிட்டார். இந்த வட்டாரத்தில் வேறு எந்த மையத்திலும் கிடையாதாம். நான் சுவரொட்டி வாசகத்தை உடனே மாற்ற வேண்டும், சிக்கினால் அறுத்து விடுங்கள் என்று போட வேண்டும் என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"என் சர்வீஸ்ல எத்தனையோ போஸ்டர் போட்டிருக்கேன் மேடம். ஒருத்தன் படிச்சு அதுபடி நடந்தான்னா அது இந்தப் போஸ்டருக்குத்தான். இதப் போய் மாத்தச் சொல்றீங்களே. அந்த வாசகம் யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"பிரமாதம்" என்று கை கொடுத்தார். கொடுத்த கையை விடாமலே, அடுத்த தடவை போனைப் பையில் போட்டுவிடாதீர்கள், உயிரோடு ஒரு போட்டோ கிடைத்தால் மூன்று வருடம் நிச்சயம் என்றார். அதே வாசகத்தோடு இன்னும் ஒரு கட்டு அச்சடிக்கவும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். யார் மேல் கோபம் என்று தெரியாமலே சுவரைப் பார்த்துத் திட்டினேன். கேஸ் தீர்ந்துவிட்டது. பிரெட்.

ஜூன் 16, ஞாயிறு

லீவு நாளில் என் செலவில் சவுக்குப்பட்டினம் போனேன். வாயாலாவது சொல்லிவிடலாமே என்று. இனி சிக்கினால் அறுத்து விடுங்கள், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று வலை பின்னிக்கொண்டிருந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு ஒருவர் சுவரைக் காட்டினார். எங்கள் புதுச் சுவரொட்டி, பளபளவென்று. முந்தின நாள்தான் ஜீப் வந்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது.

முடியப்பன் வீட்டில் பேப்பர் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதற்கு நேர் எதிரே உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். நான் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தன் சங்கடத்தைச் சொன்னார். இத்தனை நாளும் சிக்கியது யாருக்கும் தெரியாது, அறுத்து விட்டால் முடிந்தது. இப்போது பேப்பரில் பெயர் வந்துவிட்டது. நாளைக்கு ஒன்று சிக்கி, அறுத்து விட்டேன் என்று சொன்னால், விட்டாயா விற்றாயா என்று கேட்பார்கள். ஆய்வாளர் வந்து நின்றால்தான் அவருக்குப் பாதுகாப்பு.

"அச்சடிச்சு ஒட்டிருக்கீங்க மேடம். வாயால வந்து வேற சொல்றீங்க. நான் எத நம்பட்டும்?"

டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். 

ஜூன் 24, திங்கள்

என் ஆய்வுத் திட்டம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. நீட்டிப்பு இல்லை என்ற தாளில் சாயங்காலம் சார் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், கேட்டது ஒரு போட்டோதான். என்னிடம் இல்லை. ஏன் இல்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

காலையில் கடற்புல் அளக்கத் தோணித்துறையில் நின்றிருந்தேன். படகு தயார். கேமரா கழுத்தில். போன் கையிலேயே இருந்தது. இப்போதெல்லாம் குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு அதன்மேல்தான் வைக்கிறேன்.

முடியப்பன் கூப்பிட்டார்.

"மேடம், ஆவுளியா. உசுரோட இருக்கு. நல்லாத் திமிறுது. மூணு பேரு தலையத் தூக்கிப் புடிச்சிருக்கோம். வாங்க, நிக்கிறோம்."

எங்கே என்று கேட்டேன். சொன்னார். நான் நின்ற இடத்திலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. அடக் கடவுளே, அரை மணி நேரம். மூன்று பேர் பிடித்திருக்கிறார்கள், தாங்கும். நிச்சயம் தாங்கும். போய் இறங்கி, கண்ணால் பார்த்து, நாலு படம் எடுத்து, நானே என் கையால் அறுத்து விடலாம். ஒரு காலைத் தூக்கிப் படகுக்குள் வைத்துவிட்டேன். 'வந்துக்கிட்டே இருக்கேன்' என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. போனில் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது. புல் மென்ற அந்த வாய் ஞாபகம் வந்தது.

"நான் வரல. அறுத்து விடுங்க" என்றேன்.

"போஸ்டர்ல அப்படிப் போடலியே மேடம்."

"அந்தப் போஸ்டர எழுதினது நான்தான். ஆபீஸ் இல்ல, நான். எனக்கு அதப் பாக்கணும்னு இருந்துச்சு, அதான் அப்படி எழுதினேன். இப்ப நானே சொல்றேன், அறுங்க."

 அவர், வழக்கு கிழக்கு வந்தால் என்று இழுத்தார். என் பெயரைச் சொல்லுங்கள், நான் வந்து நிற்கிறேன், வலைக்கும் நான் பொறுப்பு என்றேன். சரி, ஒருத்தன் பிடியை விட்டுவிட்டுப் போனில் வீடியோவாவது எடுக்கட்டுமா, உங்களுக்கு ஆகுமே என்று கேட்டார். எனக்கு என்ன வேண்டும் என்று அந்த மனிதருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

"வேணாம். புடிச்சிருக்கிறவங்க புடிச்சிருக்கட்டும். நீங்க கத்திய எடுங்க" என்றேன்.

போனைப் பலகையில் அப்படியே வைத்துவிட்டார் போலிருக்கிறது. கேட்டுக்கொண்டே நின்றேன். வலையை இந்தப் பக்கம் இழு, அந்தப் பக்கம் விடு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். யாரோ வழுக்கி விழுந்து ஒரு கெட்ட வார்த்தை. நடுவில் ஒரு மூச்சு. தொழுவத்து மாடு விடுகிற மாதிரி, நீளமாக. மனுஷ மூச்சு இல்லை. பிறகு பெரிதாகத் தண்ணீர் விழுகிற சத்தம். அதன் பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

முடியப்பன் போனை எடுத்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது. "போயிட்டுது மேடம்."

எப்படி இருந்தது என்று கேட்டேன். பெரிதா, சின்னதா, திரும்பிப் பார்த்ததா, எந்தப் பக்கம் போனது. சின்னப் பிள்ளை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டேன்.

"எங்க மேடம் பாத்தோம்? கத்தியப் பாக்கவும் கயித்தப் பாக்கவுமே சரியாப் போச்சு. நிமிந்தா இல்ல."

பரவாயில்லை என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன்.  அவர், பிடித்த மீன் கெட்டுவிடும் என்று சொல்லி வைத்துவிட்டார். படகுக்குள் வைத்த காலை எடுத்தேன். கடலைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறுகிறவரை அங்கேயே நின்றுவிட்டு ஆபீஸுக்குப் போனேன்.